கிழக்கே மட்டும் போகும் ஆமைகள்

ஆமைக்கு நகப்பூச்சு போடுவதும் என் வேலையில் ஒரு பகுதி என்று ஆத்தாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. ஆராய்ச்சிக்காக ஆமை தேடும் வேலை என்றுதான் சொன்னேன். அதற்கே, "அவனவன் வெளிநாட்டு விசா தேடுறான், நீ ஆமையத் தேடுறியாக்கும்" என்றாள்.

சென்னையில் ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து அமெரிக்காக்காரர்களின் கிரெடிட் கார்டுப் புகார்களைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதற்கு முன்னால் இன்ஜினியரிங் படிப்பையும் இப்படித்தான் விட்டேன். ஊருக்கு வந்து சும்மா கிடந்தபோது பிரகதீஸ்வரி மேடம் ஆள் தேடிக்கொண்டு வந்தார். பைக் ஓட்ட வேண்டும், விடியும்போதே காட்டுக்குள் இருக்க வேண்டும், ஊர்க்காரர்களோடு பேசத் தெரிய வேண்டும். எனக்கு எப்படியும் விடியும்வரை தூக்கம் வராது. சேர்ந்துவிட்டேன்.

அவர் கும்பகோணத்துக்காரர். பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். வேலைக்காக அன்னவாசலில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். அவருக்கு வேண்டியது நட்சத்திர ஆமை. ஓடு முழுக்க மஞ்சள் கோடுகள் போட்ட சின்ன ஆமை. தண்ணீரில் நீந்தாது. புதருக்குள் கிடக்கும், மழை பெய்தால் வெளியே வரும். எங்கள் பக்கத்தில் அதை யாரும் வேடிக்கை பார்ப்பதுகூட இல்லை.

எங்கள் ஊர் நெடுங்கரைப்பட்டி. வீடுகளும் கடலைக்காடும் கண்மாயும் சாலைக்கு மேற்கே இருக்கின்றன. அய்யனார் கோயில் காடும் அதையொட்டிய காரை, சூரைப் புதர்களும் சாலைக்குக் கிழக்கே. அந்தச் சாலையைத்தான் அப்போது நான்கு வழியாக்க இருந்தார்கள். நடுவில் நெடுகக் கான்கிரீட் சுவர். மனிதனே காலைத் தூக்கிப் போட்டுத் தாண்ட யோசிக்கும் உயரம். ஆமையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மேடத்தின் கணக்கு இதுதான். கிழக்கே இருக்கும் ஆமைகள் கொஞ்சம். மேற்கிலிருந்து புது ரத்தம் கலக்காவிட்டால் அவை உறவுக்குள்ளேயே பெருகும்; முட்டை பொரிப்பது குறையும்; கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இரண்டு பக்கத்து ஆமைகளும் இன்று கலந்து வாழ்கின்றன என்று டி.என்.ஏ.வை வைத்துக் காட்டிவிட்டால், அந்தத் தொடர்பை அறுக்காதே, சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை வை என்று கேட்கலாம். எந்த இடத்தில் கேட்பது என்பதும் தெரியும். கோயில் காட்டில் விழும் மழைத் தண்ணீர் ஒரு வாரி வழியாகத்தான் கண்மாய்க்கு வருகிறது. அந்த வாரி சாலையைக் கடக்கும் இடத்தில் அப்போது ஒரு சிமென்ட் குழாய் கிடந்தது. பாதிக்கு மண், மீதிக்கு பிளாஸ்டிக் பை.

வனத்துறை அனுமதியோடு இரண்டு மழைக்காலம் தேடினோம். ஆமை கிடைத்தால் மேடம் அதன் வாய்க்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எச்சில் எடுப்பார். அதில் டி.என்.ஏ. இருக்கும். நான் ஓட்டின் ஓரத்தில் நகப்பூச்சால் எண் போடுவேன். மேற்கே கிடைத்ததற்குச் சிவப்பு, கிழக்கே கிடைத்ததற்கு நீலம். எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவோம்.

இரண்டாவது மழைக்காலத்தில், கார்த்திகை மாதம், கோயில் காட்டுக்குள் ஒரு காரைப் புதரடியில் சிவப்புப் பதினாலு உட்கார்ந்திருந்தது. நான் எண் போட்ட ஆமை. எங்கள் கடலைக்காட்டு வரப்பில் பிடித்து அங்கேயே விட்ட ஆமை. மேடம் சேற்றில் மண்டி போட்டு அதைப் பார்த்தார்.

"தாண்டி வந்துடுச்சு கவி! இந்த ரோட்டை இது தாண்டி வந்திருக்கு!"

இரண்டு வருடத்தில் அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். ஓட்டின் இடுக்குகளில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. சுரண்டிப் பார்த்தார். "மகரந்தமா இருக்கும்" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

தை மாதம் டி.என்.ஏ. முடிவும் வந்தது. இரண்டு பக்கத்து ஆமைகளுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இல்லை. அம்மா மேற்கே, பிள்ளை கிழக்கே என்றுகூட இருந்தது. சிவப்புப் பதினாலின் படத்தை அட்டையில் போட்டு மேடம் சாலைத் திட்ட அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

அலுவலகம் என்பது சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஏசி ஓடும். எங்கள் பகுதிக்கு உடையப்பன் என்ற இன்ஜினியர். நல்லவிதமாகப் பேசுகிறவர். எங்களுக்கு டீ சொன்னார்.

"அருமையான ரிப்போர்ட் மேடம். எங்களுக்குப் பெரிய வேலை மிச்சம்."

"என்ன மிச்சம்?"

"ஆமைங்க போய்ட்டு வந்துக்கிட்டுத்தானே இருக்கு? அப்ப இருக்குற வழி போதும்னுதானே அர்த்தம்? அந்தக் குழாயையே நாலு வழிக்கும் நீட்டி விட்டுர்றோம். தனியா சுரங்கப்பாதை தேவையில்ல."

"குழாய் வழியா போகுதுன்னு நான் எழுதலையே."

"பின்ன பறந்தா மேடம் போகுது?"

என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் டீயைக் குடித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் சமுதாயக் கூடத்தில் மக்களிடம் கருத்துக் கேட்பதாகவும், அதோடு வரைபடம் முடிவாகிவிடும் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் மேடம் பைக்கில் ஏறாமல் நின்றார். எது இருந்தால் சுரங்கப்பாதை கிடைக்கும் என்று நினைத்தாரோ, அதையே காட்டி இல்லை என்கிறார்கள்.

"இது தப்புன்னு தெரியுது. எங்க தப்புன்னுதான் தெரியல" என்றார்.

அன்று மத்தியானம் வீட்டில் கட்டுமாவடி சூடை மீன் குழம்பு. ஆத்தா எதிரில் உட்கார்ந்து முறத்தில் பயறு பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"ஒங்க ஆபீசுல பொம்பளப் புள்ள யாரும் வேல பாக்குதா?"

"அந்த மேடந்தான். நீ பாத்துருக்கியே. ஏன்?"

"அதுகிட்ட சொல்லி வையி. வெளையாட்டுன்னாலும் ஒரு அளவு இருக்கு. எவளோ ஆமைக்கு நகப்பாலிசு போட்டு விட்டுருக்கா. செவப்புக் கலரு. கடல காயப்போட்ட எடத்துல வந்து மகராணி மாதிரி நிக்குது."

சோற்றுக் கையோடு நிமிர்ந்தேன்.

"எப்ப?"

"தீவாளிக்கு மறுநா."

"அத என்னா செஞ்ச?"

"என்னா செய்வாங்க? மஞ்சத்தண்ணிய ஊத்தி, அங்கிட்டு கொண்டுபோய் அய்யனாரு காட்டுல விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்தேன்."

"ரோட்டத் தாண்டியா?"

"தாண்டாம? இங்கிட்டே விட்டா மறுபடி வாசலுக்கு வந்து நிக்காது? ஆமை வந்தா வீட்டுக்கு ஆகுமா? ஒனக்கு எதுவுந் தெரியாது. தின்னு."

ஆமை வீட்டுக்குள் வந்தால் நல்லதல்ல என்பது எனக்கும் தெரியும். சின்ன வயதில் வாசலில் ஆமை வந்தால் ஆத்தா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புவதையும் பார்த்திருக்கிறேன். குப்பை கொட்டப் போவதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தது. மேடத்தோடு இரண்டு வருடம் சுற்றியும் அது ஒரு விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

"ஊருல எல்லாரும் இப்படித்தான் செய்றாங்களா?"

"கொல்லவுங் கூடாது, வீட்டுல வைக்கவுங் கூடாது. வேற என்னதான் செய்வாங்க?"

"நாங்க வீடு வீடா வந்து கேட்டோம்ல? ஏன் சொல்லல?"

"என்னா கேட்ட? ஆமை புடிப்பியா, விப்பியா, வளப்பியா, திம்பியான்னு கேட்ட. திருடிகிட்ட கேக்குற மாதிரி. இல்லன்னேன். பொய்யா சொன்னேன்?"

பொய் இல்லை. அந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

"அந்த நகப்பாலிசு போட்டது நான்தான் ஆத்தா."

ஆத்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இதுக்குத்தான் மாசச் சம்பளமா?" என்றாள்.

மறுநாள் காலை அன்னவாசல் மாடிக்குப் போய் மேடத்திடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. உங்கள் ஆமை எதுவும் சாலையைத் தாண்டவில்லை, எங்கள் ஊர்ப் பெண்கள் கூடையில் வைத்துத் தாண்டவைக்கிறார்கள், மகரந்தம் என்றது மஞ்சள் தூள் என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் லேப்டாப்பைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். வரிசையாகக் குச்சிகள், ஆமைக்கு ஒன்று. மேற்குக் குடும்பம் சிவப்பு, கிழக்குக் குடும்பம் நீலம்.

"இங்க பாருங்க. கிழக்கே நாம எடுத்த ஆமைகள்ல பாதிக்குப் பாதி சிவப்பு கலந்திருக்கு. சிலது முழுச் சிவப்பு, அதாவது பிறந்ததே மேற்குல. இப்ப மேற்கைப் பாருங்க. நீலம் ஒரு சொட்டாவது இருக்கா?"

இல்லை. மேற்கே எல்லாம் சிவப்பு.

"இது எனக்கு முதல்லயே உறுத்துச்சு. என் கைடு சாம்பிள் கம்மி, அதைக் கண்டுக்காதேன்னார். நானும் விட்டுட்டேன். வழின்னு ஒண்ணு இருந்தா ரெண்டு பக்கமும்தானே போகும்? ஆமை ஒன்வேலயா போகும்?"

"கூடைதான் ஒன்வேல போகும்" என்றேன்.

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

அங்கே நின்று அவர் விளக்கியது எனக்குப் புரிந்தது. சாலை இந்த ஆமைகளை எப்போதோ பிரித்துவிட்டது. கிழக்கே இருப்பவை இத்தனை காலம் பிழைத்திருப்பது எங்கள் ஊர்க்காரர்களின் பயத்தால். இனி நடுவில் சுவர் வந்தால் கூடையோடு யாரும் தாண்ட முடியாது; அதோடு கிழக்குக்கு வரும் புது ரத்தம் நின்றுவிடும். குழாய் போதும் என்று உடையப்பன் சொல்வது பொய்க்கணக்கு. அதைப் பொய் என்று காட்ட வேண்டுமானால், தன் அறிக்கை தவறு என்று மேடம் முதலில் சபையில் சொல்ல வேண்டும். அது அவர் பாடு. அதற்குமேல் ஒன்று இருந்தது. தூக்கிப் போனோம் என்று ஊர்க்காரர் யாராவது சொல்ல வேண்டும்.

அங்கேதான் சிக்கல். நட்சத்திர ஆமையைத் தொட்டாலே குற்றம். முந்தின வருடம் பக்கத்து ஊர் ஆள் ஒருவனை ஆமை மூட்டையோடு பஸ்ஸில் பிடித்தார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் கூட்டத்துக்குப் பிடித்துக் கொடுக்கிறவன். அப்போது பாரஸ்டர் நிலவழகன் எங்கள் ஊருக்கும் ஜீப்பில் வந்து, ஆமையைக் கையில் எடுத்தால் ஜெயில் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் எல்லோரும் தூக்கிப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வெளியே சொல்வதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆத்தாவிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீ சொல்றியா?"

"பாரஸ்டரு முன்னாடியா? ஒனக்குக் கிறுக்கா?"

பக்கத்து வீட்டு இன்னாசியம்மாளிடம் போனேன். ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

"நா மஞ்சத்தண்ணியெல்லாம் ஊத்துறதில்ல தம்பி. நாங்க கிறிஸ்தவங்க. அந்த நம்பிக்கையெல்லாம் எங்களுக்குக் கெடையாது."

"அப்ப ஆமை வந்தா சும்மா விட்டுருவீங்களா சித்தி?"

"சும்மா எப்புடி விடுறது? சிலுவை போட்டு, ஒரு செபம் சொல்லி, தூக்கிட்டுப் போய் விட்டுருவேன்."

"எங்க?"

"அய்யனாரு காட்டுலதான். வேற எங்க எடம் இருக்கு?" சொல்லிவிட்டுத்தான் என் கையைப் பார்த்தார். "போன்ல பிடிக்கிறியா? பிடிக்காத சாமி. எங்க ஜஸ்டின் போலீஸ் செலக்சனுக்கு ஓடிக்கிட்டு இருக்கான். கேசு கீசுன்னு வந்துச்சுன்னா அவ்வளவுதான்."

இன்னும் சில வீடுகளுக்குப் போனேன். கேட்ட மாத்திரத்தில் எல்லோரும் ஆமை என்ற பிராணியையே பார்த்ததில்லை என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சமுதாயக் கூடம் நிறைந்திருந்தது. நிலம் எடுப்பு பற்றிப் பேசுவார்கள் என்று பாதிப் பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் நிலவழகன் சீருடையில் உட்கார்ந்திருந்தார். உடையப்பன் திரையில் வரைபடத்தைப் போட்டு விளக்கினார். பஸ் நிறுத்தம், விளக்கு, திரும்பும் இடம். கடைசியில் ஆமைக்கு வந்தார். சிவப்புப் பதினாலு திரையில் பெரிதாகத் தெரிந்தது.

"மேடத்தோட ஆராய்ச்சிப்படி ஆமைங்களுக்கு இப்ப இருக்குற குழாயே போதுமானதா இருக்கு."

மேடம் எழுந்தார்.

"என் அறிக்கை தப்பு. அதை வாபஸ் வாங்குறேன்."

உடையப்பன் கையில் இருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். மேடம் சிவப்பு, நீலக் குச்சிகளைத் திரையில் காட்டி, மேற்கிலிருந்து கிழக்கே மட்டும் ஆமை போயிருக்கிறது, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, குழாய் வழியாகப் போயிருந்தால் இப்படி இருக்காது என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. தப்பு என்று சொன்ன இடத்தில் நடுங்கவில்லை.

"சரி மேடம். மழை வெள்ளத்துல அடிச்சிட்டுப் போயிருக்கலாம்ல? தண்ணி ஒரு பக்கமாத்தானே ஓடும்?"

நான் பின்னாலிருந்து சொன்னேன். "வாரி கிழக்கேருந்து மேக்க ஓடுது சார். வெள்ளம் அடிச்சா அங்கிட்டு உள்ள ஆமைதான் இங்கிட்டு வரணும்."

கூட்டத்தில் சிரிப்பு. உடையப்பனும் சிரித்தார். "அப்ப எப்படித்தான் போச்சு?"

"ஊர் மக்கள் தூக்கிட்டுப் போய் விடுறாங்க" என்றார் மேடம்.

"யாரு?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். இன்னாசியம்மாள் சேலைத் தலைப்பில் எதையோ தேடினார். ஆத்தா என்னைப் பார்க்கவே இல்லை. நிலவழகன் மெதுவாகத் திரும்பி உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"யாரும் இல்லையே மேடம்" என்றார் உடையப்பன். வருத்தமாகத்தான் சொன்னார். "ஆதாரம் இல்லாம நான் எதை எழுதுறது?"

மேடம் உட்கார்ந்தார். உடையப்பன் மறுபடி ரிமோட்டை எடுத்தார். இன்னும் ஒரு நிமிடத்தில் குழாய் உறுதியாகிவிடும். யார் செய்தது என்று கேட்கிறவரை எவரும் வாயைத் திறக்கப் போவதில்லை. இரண்டு வருடமாக நாங்கள் கேட்டதும் அதே கேள்விதான். முறை என்ன என்று நாங்கள் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

எழுந்து முன்வரிசைவரை போனேன். அய்யனார் கோயிலில் பூசை வைக்கும் மூக்கன் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா, எனக்கு ஒரு சந்தேகம். ஒரு வீட்டுக்குள்ள ஆமை வந்துருச்சுன்னு வச்சுக்கங்க. முறைப்படி என்னா செய்யணும்?"

மூக்கன் நிமிர்ந்தார். முறை என்ற சொல் அவருக்குப் பிடிக்கும்.

"மஞ்சத்தண்ணி தெளிச்சு, நம்ம அய்யனாரு எல்லைக்குள்ள கொண்டுபோய் விடணும். தலை கெழக்கப் பாத்து இருக்கணும்."

"கெழக்க இல்ல, சாமியப் பாத்து இருக்கணும்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"சாமிய எதுக்குப் பாக்கணும்? பீடையக் கொண்டுபோய்ச் சாமி மொகத்துலயா காட்டுவ?"

"தெளிக்கிறது இல்ல, ஊத்தணும். ஓடு முழுக்க நனையணும்." இது ஆத்தா. தன்னை மறந்து எழுந்தே விட்டாள். "தெளிச்சா போதும்னா எங்க மாமியா எதுக்கு ஒரு சொம்பு கலக்கச் சொல்லும்?"

"ஒங்க மாமியா சொன்னதுதான் சட்டமா மீனம்மா?"

"மஞ்சளே தேவையில்ல. செபம் போதும்" என்றார் இன்னாசியம்மாள்.

"ஒனக்குச் செபம் போதும்னா எங்க அய்யனாரு காட்டுல எதுக்குக் கொண்டாந்து விடுற? மாதா கோயில்ல விடு."

"மாதா கோயில்ல டைல்ஸு போட்டுருக்கு. அங்க அது எதத் தின்னும்?"

கூடம் முழுக்கச் சத்தம். கூடையா கோணியா, காலையிலா சாயங்காலமா, திரும்பிப் பார்க்கலாமா கூடாதா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எதில் தகராறு வந்தாலும் ஒன்றில் வரவில்லை. எல்லோருடைய ஆமையும் சாலையைத் தாண்டி அதே காட்டுக்குத்தான் போனது.

உடையப்பன் திரையில் இருந்த சிவப்பு, நீலக் குச்சிகளையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேடம் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"இதுதான் சார் உங்க வழி. குழாய் இல்ல. நடுவுல சுவர் வந்தா இவங்க தாண்ட முடியாது. இவங்க தாண்டலைன்னா அந்தப் பக்கம் ஒண்ணும் மிஞ்சாது."

"இத நான் எப்படி மேடம் பைல்ல எழுதுறது?"

"குழாய் வேலை செய்யலைன்னு எழுதுங்க. அதுக்கு டி.என்.ஏ. ஆதாரம் தர்றேன். யார் பேரும் வேண்டாம்."

அப்போதுதான் நிலவழகன் எழுந்தார். கூட்டம் சட்டென்று அடங்கியது. ஆத்தா உட்கார்ந்தாள்.

"இங்க முறை என்னன்னு பேசிக்கிட்டீங்க. யாரு என்ன செஞ்சாங்கன்னு எவரும் சொல்லல. நானும் கேக்கல" என்றார். "ஆனா இனிமே யாரும் கை வைக்கக் கூடாது. ஆமை வந்தா எனக்குப் போன் பண்ணுங்க. நான் வந்து எடுத்துக்கிறேன்."

"எடுத்து எங்கிட்டு சார் விடுவீங்க?" என்று கேட்டார் இன்னாசியம்மாள்.

நிலவழகன் யோசித்தார். "பக்கத்துல காடுன்னா... அய்யனாரு காட்டுலதான்."

அன்று கூடம் சிரித்த மாதிரி எப்போதும் சிரித்ததில்லை. அவரும் தொப்பியை மாட்டிக்கொண்டு சிரித்துவிட்டார்.

வரைபடம் மாறியது. குழாய் இருந்த இடத்தில் ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குக் கான்கிரீட் சுரங்கப்பாதை. ஆமைக்காகவா என்றால் எனக்குத் தெரியாது. அப்படி ஒரு வழி வரலாம் என்று தெரிந்ததும், ஆடு ஓட்டிப் போக, அய்யனாருக்குப் பொங்கல் வைக்கப் போக என்று ஊரே மனு கொடுத்தது. பைலில் ஆமை என்றுதான் இருக்கிறதாம்.

மேடத்துக்கு அது நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. வாபஸ் வாங்கிய அறிக்கையை அவருடைய கைடு மன்னிக்கவில்லை. ஆய்வை மறுபடி எழுதச் சொன்னார்கள். பட்டம் தள்ளிப்போனது. பெங்களூருக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒரு கேமராவைக் கொடுத்தார். எது குறுக்கே போனாலும் தானாகப் படம் எடுக்கும் கேமரா.

"சுரங்கப்பாதை முடிஞ்சதும் உள்ள மாட்டிடுங்க. சொந்தக் கால்ல ஒரு ஆமை போனா எனக்குச் சொல்லுங்க."

சாலை முடிந்து முதல் மழைக்காலம் வந்தது. வாரம் ஒருமுறை கேமராவைத் திறந்து பார்ப்பேன். ஆடு. நாய். கீரிப்பிள்ளை ஒருதரம். மழைக்கு ஒதுங்கி சிகரெட் பிடிக்கும் ஜஸ்டின். போலீஸ் வேலை இன்னும் கிடைக்கவில்லை. பிறகு ஆத்தாவின் கால்கள், இடுப்பில் கூடை, கூடைமேல் துணி. நிலவழகனுக்கு யாரும் போன் பண்ணியதாகத் தெரியவில்லை. அந்தப் படங்களை அழித்தேன். ஆமை மட்டும் வரவில்லை. லட்சக்கணக்கில் செலவழித்துக் கூடைக்கு ஒரு பாதை போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி முடியப்போகும் ஒரு காலையில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றேன். ஈரமான கான்கிரீட் தரையில், சுவரோரமாக, ஓர் ஆமை. ஓட்டு விளிம்பில் நீலத்தில் ஒன்பது. அடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி. அதற்கடுத்ததில் வாசலுக்கு அருகே. முன்னும் பின்னும் பார்த்தேன். எந்தப் படத்திலும் மனிதக் கால் இல்லை. தலை மேற்கே பார்த்திருந்தது.

மேற்கே ஆமையைக் கொண்டுவருகிறவர் எங்கள் ஊரில் ஒருவரும் கிடையாது. அது தானாக வந்திருக்கிறது.

அங்கேயே நின்று படத்தை மேடத்துக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"எந்தப் பக்கம் போகுது கவி?"

"மேக்க."

"நல்லாப் பாத்தீங்களா? மேற்கேயா?"

"மேக்கதான் மேடம். நீலம் ஒம்போது."

பின்னால் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஒரே ஒண்ணு" என்றார். "ஒண்ணை வச்சு எதுவும் எழுத முடியாது." பிறகு, "இருந்தாலும் அந்தப் படத்தை ஒரிஜினலா அனுப்புங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஆத்தா நிற்கிறாள். கையில் சொம்பு. சொம்பில் மஞ்சள் தண்ணீர். நடுவாசலில், காயப்போட்ட கடலைக்குப் பக்கத்தில், நீலம் ஒன்பது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இந்தா, இன்னொன்னுக்கும் பூசி விட்டுருக்க. இப்ப நீலக் கலரு."

"ஊத்தாத ஆத்தா. இது அங்கிட்டுருந்து வந்தது."

"அங்கிட்டுருந்து வந்துச்சுன்னா அங்கிட்டே கொண்டுபோய் விட வேண்டியதுதானே?"

இந்த ஒரு ஆமை மேற்கே இருக்க வேண்டியதன் அவசியத்தை, மஞ்சள் தண்ணீரோடு நிற்கும் ஒருத்தியிடம் எந்த வார்த்தையில் சொல்வது? சிவப்புக் குச்சிகளுக்கு நடுவே ஒரு சொட்டு நீலம் என்றால் அவளுக்கு என்ன?

"கொஞ்ச நேரம் விடு. தானா வந்தது தானாப் போகும்."

"வீட்டுக்குள்ள போச்சுன்னா?"

நான் போய் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தேன். "போகாது."

"எம்புட்டு நேரம் இப்புடி ஒக்காந்துருப்ப?"

"எனக்கு என்ன வேல இருக்கு?"

"அது சரி" என்றாள். ஆனால் ஊற்றவில்லை. ஆமையும் தலையை வெளியே நீட்டவில்லை. தூறல் போட ஆரம்பித்தது. கடலையை அள்ள வேண்டும் என்று இருவருக்குமே தெரியும். யாரும் அசையவில்லை. ஆத்தா சொம்பைக் கீழே வைக்கவும் இல்லை.